முப்பத்தேழாவது மாதம்

சந்தையில் மீன் வண்டிக்கு முன்னால் நின்ற வரிசையில்தான் கேர்லிண்டேயைப் பார்த்தேன். என் முன்னாள் மனைவி ரோஸ்விட்டாவின் அக்கா. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. முகத்தில் அதே கடுகடுப்பு, கையில் அதே சக்கரம் வைத்த பை. வேறொரு நாளாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பேன். முந்தின நாள்தான் வாடகையை ஏற்றிக் கடிதம் வந்திருந்தது. வெளிச்சுவருக்குக் குளிர் தாங்கும் பூச்சு பூசுகிறார்களாம், அதற்கு மாதம் இருநூற்று முப்பது யூரோ கூடுதலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன கேர்லிண்டே, உன் தங்கச்சி என் காசுல கடல்காத்து வாங்கிட்டு சௌக்கியமா இருக்காளா?"

அவள் மீன்காரனுக்குச் சில்லறை கொடுத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"அவ மண்ணுக்குள்ள போய் ரெண்டு வருஷமாச்சு, எக்கார்ட். காத்து வாங்கறதெல்லாம் நிறுத்திட்டா."

எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அழுகை வரவில்லை. இரண்டு வருஷம், மாதம் முந்நூற்றுப் பதினெட்டு யூரோ என்று மனசு பெருக்கிப் பார்த்தது. மீன் வாங்காமலே வீட்டுக்கு நடந்தேன்.

எங்கள் நாட்டில் விவாகரத்து என்றால் கட்டிலையும் பீரோவையும் யார் எடுத்துக்கொண்டாலும் கோர்ட்டுக்குக் கவலையில்லை. பென்ஷனை மட்டும் விடாது. சேர்ந்து வாழ்ந்த காலத்தில் இவர் கணக்கில் எவ்வளவு சேர்ந்தது, அவர் கணக்கில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்து, கூடுதலாக வைத்திருப்பவரிடமிருந்து வெட்டிக் குறைவாக வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடும். நான் கெல்ஸன்கிர்ஷனில் முப்பத்தொன்பது வருஷம் ட்ராம் ஓட்டியவன். ரோஸ்விட்டா பேக்கரியில் அரைநாள் வேலை பார்த்தாள். ஆக வெட்டு எனக்கு, மாதம் முந்நூற்றுப் பதினெட்டு யூரோ. "மேடம், ட்ராமை ஓட்டினது நான்" என்றேன். "வீட்டை ஓட்டினது அவங்க" என்றார் நீதிபதி. அந்த அம்மாளுக்கு அப்போது நாற்பது வயதுகூட இருக்காது.

அந்தத் தீர்ப்பு நாளன்றும் ரோஸ்விட்டா நாற்பது நிமிஷம் தாமதமாகத்தான் வந்தாள். எங்கள் கல்யாணப் பதிவுக்கே இருபது நிமிஷம் தாமதம். அவள் பிறவி அப்படி. நான் பிறவி வேறு. என் வண்டி கிளம்ப வேண்டிய நேரம் பத்து நாற்பத்திரண்டு என்றால் பத்து நாற்பத்திரண்டுதான். ஒரு தடவை, ஒரு கையில் பையும் இன்னொரு கையில் எங்கள் மகள் ஆன்கேயுமாக ரோஸ்விட்டா என் வண்டியைப் பிடிக்க ஓடி வந்தாள். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். நேரம் ஆகியிருந்தது, கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் ஒரு வார்த்தை இல்லை. டிப்போவில் இந்தக் கதையைச் சொல்லிப் பல வருஷம் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஆன்கே என்னோடு பேசுவதில்லை. அவள் கல்யாண விருந்தில், மாப்பிள்ளையின் நார்வேச் சொந்தக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, உங்கள் சம்பந்தியம்மாள் என் பென்ஷனை எப்படிப் பங்கு போட்டாள் என்று ஆதியிலிருந்து விளக்கினேன். கேக் வெட்டும் வரைக்கும் விளக்கினேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. ரோஸ்விட்டா ஏற்கனவே வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் கடலோரம் குடிபோயிருந்தாள். அவள் செத்ததை எனக்கு யார் சொல்வார்கள்? ஊர்ப் பேப்பரில் வந்திருந்தாலும் அது அந்த ஊர்ப் பேப்பர்.

திங்கள்கிழமை, கதவு திறக்கும்போதே பென்ஷன் அலுவலகத்தில் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் திருமதி லூக்காஷ் என்று பெயர்ப்பலகை. நல்ல மாதிரியான பெண்மணி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"செத்தவளுக்கு எதுக்கு மேடம் என் பென்ஷன்ல பிடிக்கிறீங்க?"

"அவங்களுக்குப் போகல சார். வெட்டினது வெட்டினதுதான், அவங்க இருந்தாலும் இல்லைன்னாலும்."

"அப்ப திருப்பி எனக்கே குடுங்க."

"குடுக்கலாம். அதுக்கு நீங்க விண்ணப்பம் குடுக்கணும். அடுத்த மாசத்திலேர்ந்து வெட்டு நிக்கும்."

"போன ரெண்டு வருஷம்?"

"விண்ணப்பம் குடுக்கலையே சார்."

"அவ செத்தது உங்க ஆபீசுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்ப எனக்கு ஏன் சொல்லல?"

"அடுத்தவங்க தகவலை நாங்க வெளிய சொல்லக்கூடாது சார். அவங்க சாவு அவங்க சொந்த விஷயம்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி எங்கே இருக்கிறது என்பதையே பூசாரி சொல்ல மாட்டேன் என்கிறான். நான் விண்ணப்பத் தாளை இழுத்துக்கொண்டபோது அவர் பென்சிலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"ஒரு நிபந்தனை இருக்கு, பீப்பர் சார். உங்ககிட்ட வெட்டின பங்கை அவங்க முப்பத்தாறு மாசத்துக்கு மேல வாங்கியிருக்கக் கூடாது. முப்பத்தாறு வரைக்கும் சரி. முப்பத்தேழுன்னா கிடையாது, உங்க ஆயுசுக்கும் வெட்டுதான்."

"எத்தனை மாசம் வாங்கினா?"

"அதை நான் சொல்ல முடியாது."

"அதுவும் சொந்த விஷயமா?"

"ஆமா சார்."

எனக்கு அந்தப் பணம் வேண்டும். வேறு எதற்கும் இல்லை, என் வீட்டுக்கு. மூன்றாம் மாடி, இரண்டு அறை, சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் ட்ராம் திரும்பும் வளைவு. முப்பத்தெட்டு வருஷமாக அங்கே இருக்கிறேன். புது வாடகை கட்டுப்படியாகாது என்றால் ஜூன் கடைசிக்குள் காலி செய்வதாக எழுதிக் கொடுக்கலாம். எங்கள் ட்ராம் ஊழியர் சங்கத்தின் கூட்டுறவுக் கட்டிடத்தில் ஒற்றை அறை ஒன்று காலியாக இருந்தது, குப்பைத் தொட்டிகளைப் பார்த்த மாதிரி. முந்நூற்றுப் பதினெட்டு திரும்பி வந்தால் அந்தக் குப்பைத் தொட்டிகளை நான் பார்க்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு, காபி நேரத்தில், கேர்லிண்டே வீட்டு மணியை அடித்தேன். கையில் செர்ரி கேக். பேக்கரியில் விலை கேட்டு வயிறு எரிந்துதான் வாங்கினேன். அவள் கேக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாள்.

புற்றுநோய் என்றாள். குடலில் ஆரம்பித்ததாம். கடைசி மூன்று வாரம் அந்திமக்கால இல்லத்தில் இருந்தாளாம், ஜன்னலைத் திறந்தால் கப்பல் ஊதுவது கேட்குமாம். நான் தலையை ஆட்டினேன். தட்டு காலியாகும் வரைக்கும் பொறுமையாக இருந்ததாகத்தான் எனக்கு நினைப்பு.

"பென்ஷன் எப்ப வாங்க ஆரம்பிச்சா, கேர்லிண்டே?"

"இரண்டாயிரத்து இருபது, ஏப்ரல். கொரோனா வந்து ஊரே பூட்டிக் கிடந்துச்சு. அவளுக்கு ஒரு பூச்செண்டு குடுக்கக்கூட ஆள் போகல. நான் போன்லதான் வாழ்த்து சொன்னேன்."

"செத்தது?"

"இருபத்துமூணு, மார்ச் கடைசி. அந்த வெள்ளிக்கிழமை…" என்றவள் நிறுத்தினாள். "இதுக்குத்தான் கேக்கா?"

சுவரில் காலண்டர் தொங்கியது. எழுந்து போய் அதன் மேல் விரலை வைத்து எண்ணினேன். இரண்டாயிரத்து இருபது ஏப்ரலிலிருந்து அடுத்த வருஷம் மார்ச் வரை பன்னிரண்டு. இன்னொரு பன்னிரண்டு. இன்னொரு பன்னிரண்டு. இரண்டாயிரத்து இருபத்துமூன்று மார்ச்சில் வந்து நின்றது. சரியாக முப்பத்தாறு! ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

"பாத்தியா!" என்று கத்திவிட்டேன். "வாழ்க்கையில முதல் தடவையா நேரத்துக்குக் கிளம்பியிருக்கா!"

கேர்லிண்டே எழுந்தாள். எனக்கு முன்னால் இருந்த தட்டை எடுத்தாள், மீதிக் கேக்கை டப்பாவில் போட்டு மூடினாள், டப்பாவை என் கையில் திணித்தாள்.

"எடுத்துட்டுப் போ. உன் காசு போட்டு வாங்கினது."

விண்ணப்பம் போனது. ஜூன் கடைசி வந்தது, நான் காலி செய்வதாக எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. சங்கத்துக்காரர் ஒற்றை அறையைப் பற்றிப் போன் செய்தபோது, "யாராவது கஷ்டப்படற ஆளுக்குக் குடுங்க" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். கடையில் இனிமேல் நல்ல காபித்தூள்தான் என்று முடிவு செய்து இரண்டு பாக்கெட் வாங்கினேன். ரோஸ்விட்டாவை நினைத்துக்கூட ஒரு மாதிரி கனிவாக இருந்தது. சாம்பல் நிறக் கோட்டு ஒன்று வைத்திருந்தாள், பொத்தான் எப்போதும் ஒன்று மாற்றித்தான் போடுவாள், அதெல்லாம் ஞாபகம் வந்தது.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. நின்றபடியே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். உரியவர் இறந்த நாள் ஏப்ரல் ஒன்று. இறந்த மாதத்துக்குப் பென்ஷன் முழுவதும் உண்டு. ஆகவே பெற்ற மாதங்கள் முப்பத்தேழு. ஆகவே நிராகரிக்கப்படுகிறது.

ஏப்ரல் ஒன்று! ஊரையெல்லாம் முட்டாளாக்கும் நாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன், எட்டாமல் போனது ஒரே ஒரு நாளால் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறேனா? திருமதி லூக்காஷுக்குப் போன் போட்டேன்.

"ஒரு நாள், மேடம். ஒரே நாள்!"

"சட்டத்துல மாசக் கணக்குதான் சார் இருக்கு, நாள் கணக்கு இல்ல."

"மனசாட்சின்னு ஏதாவது இருக்கா அதுல?"

"ஒரு மாசத்துக்குள்ள ஆட்சேபம் எழுதலாம் சார். காரணம் எழுதணும். நான் ஃபாரம் அனுப்பி வைக்கிறேன்." அவர் குரலில் உண்மையிலேயே வருத்தம் இருந்தது. அதை வைத்து நான் வாடகை கட்ட முடியாது.

ஃபாரம் வந்த அன்றே கேர்லிண்டே வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கேக் இல்லை.

"மார்ச் கடைசின்னு சொன்னியே!"

"எனக்கு அதுதான் கடைசி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல இருந்துட்டு ட்ரெயினைப் பிடிச்சேன். சனிக்கிழமை போன் வந்துச்சு. கல்லுல வருஷம் மட்டும்தான் வெட்டியிருக்கோம். உனக்கு நாள் நட்சத்திரம் எல்லாம் வேணும்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது."

அவளே உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். "அவ காகிதமெல்லாம் இதுல இருக்கு. உனக்கு என்ன வேணுமோ பாத்துக்க. இனிமே இங்க வராத."

பென்ஷன் உத்தரவு, வங்கித் தாள்கள், ஆஸ்பத்திரிச் சீட்டுகள். அவற்றுக்கு நடுவில், விவாகரத்துப் பங்கு பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்று நாலாக மடித்து இருந்தது. விரித்தேன். "முப்பத்தாறு மாதங்கள்" என்ற வரிக்கு அடியில் பென்சில் கோடு. ஓரத்தில் அவளுடைய சாய்ந்த கையெழுத்தில், "மார்ச் 2023 வரை".

தாளைக் கேர்லிண்டே முன்னால் நீட்டினேன்.

"இது அவளுக்குத் தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? கடைசி வாரம் பூரா தேதி கேட்டுக்கிட்டே இருந்தா. நர்ஸ் வந்தா தேதி. நான் போனா தேதி. வெள்ளிக்கிழமை நாலு தடவை கேட்டா. முப்பத்தொண்ணுன்னு நாலு தடவையும் சொன்னேன்."

அப்படியா சங்கதி! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எண்ணியிருக்கிறாள். படுத்த படுக்கையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் வயிற்றில் அடிப்பதற்காகவே ஏப்ரல் வரைக்கும் இழுத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் தாமதமாக வந்தவள், இதற்கு மட்டும் வேண்டுமென்றே தாமதம். அந்தப் பிரசுரத்தை மேசையில் அறைந்தேன்.

"ஆன்கே நம்பரைக் குடு."

"எதுக்கு?"

"அவதான் கடைசியில இருந்திருக்கணும். எத்தனை மணின்னு கேக்கணும். டாக்டர் விடிஞ்சு வந்து எழுதியிருந்தா, உயிர் முந்தின நாளே போயிருந்தா, அது ஆட்சேபத்துக்கு ஒரு காரணம்."

கேர்லிண்டே என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு பழைய உறையின் பின்பக்கம் நம்பரை எழுதிக் கொடுத்தாள். கொடுப்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்ததாகவே எனக்குப் பட்டது. மகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் ஃபாரத்தை விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நார்வேயில் ஆன்கே இருக்கும் பெர்கனுக்குப் போன் செய்தேன். ஆன்கே எடுத்தாள். முதலில் நார்வே பாஷையில் ஏதோ சொன்னாள்.

"அப்பா பேசறேன்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல. ஆமா. அம்மா விஷயமாத்தான். அன்னைக்கு எத்தனை மணிக்குப் போச்சு, உயிர்?"

"பதினாறு வருஷம் கழிச்சுப் போன் பண்ணி இதைத்தான் கேக்கறீங்களா?"

"ஒரு ஃபாரத்துக்கு வேணும்."

"பென்ஷனா?"

அவள் சிரித்தாள், நல்ல சிரிப்பில்லை.

"மாறவே இல்ல நீங்க. சரி, எழுதிக்குங்க. ஏப்ரல் ஒண்ணு, காலையில ஒன்பது நாப்பது. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். சந்தேகமே வேணாம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ போனப்ப நினைவு இருந்துச்சா?"

"இருந்துச்சு. பேசினாங்க. வெள்ளிக்கிழமையே வர வேண்டியவ நான், விமானம் ரத்தாயிடுச்சு. ராத்திரி வேற விமானத்துல ஹாம்பர்க் வந்து, அங்கேர்ந்து முதல் ட்ரெயினைப் பிடிச்சு சனிக்கிழமை எட்டு மணிக்குத்தான் உள்ள நுழைஞ்சேன். கண்ணைத் திறந்தாங்க. தேதி என்னன்னு கேட்டாங்க. ஒண்ணுன்னு சொன்னேன்."

"ஒண்ணுன்னதும் சந்தோஷப்பட்டாளா?"

"இல்லப்பா. சங்கடமா ஒரு சிரிப்பு. 'அடடா, அப்பாகிட்ட சொல்லிடு, ஒரு நாள் லேட்டாயிட்டேன்'ன்னாங்க. 'நேத்தே கிளம்பணும்னுதான் இருந்தேன், அவருக்கு அந்தப் பணம் திரும்பக் கிடைச்சிருக்கும், ஆனா நீ வந்துக்கிட்டு இருக்கியே'ன்னாங்க. 'கத்துவார், கத்தட்டும்'ன்னாங்க. மருந்து மயக்கத்துல உளர்றாங்கன்னு நினைச்சேன். அம்மா எங்க கிளம்பறாங்க, என்ன பணம், ஒண்ணும் புரியல. உங்களைக் கூப்பிட்டு இதைச் சொல்ல எனக்கு மனசும் வரல."

என் கையில் பேனா இருந்தது. அதன் முனை ஃபாரத்தில் பட்டு நீலமாக ஒரு பொட்டு பரவியது. அந்தக் கோடும், "மார்ச் 2023 வரை" என்ற எழுத்தும் யாருக்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எண்ணியது எனக்காக. விவாகரத்தான இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் அவளைத் திட்டாத மாதம் இல்லை.

"அப்பா? இருக்கீங்களா? எதுக்கு லேட்டுன்னு சொன்னாங்க?"

"உனக்காக நின்னிருக்கா," என்றேன். "அவ்வளவுதான். நீ வர்ற வரைக்கும் நின்னிருக்கா."

ஆன்கே போனை வைக்கவில்லை. கீழே வளைவில் ட்ராம் ஒன்று கிறீச்சிட்டுத் திரும்பியது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இன்னும் அதே வீட்டுலதான் இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள்."

அந்தப் பழைய கதையை, அவளும் அவள் அம்மாவும் என் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்ததை, சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவளுக்கு அப்போது நாலு வயது. அரை நிமிஷம் நின்றிருந்தால் ஏறியிருப்பார்கள். சொல்லவில்லை, அவளுக்கு ஞாபகம் இருந்தால் இன்னும் மோசம்.

வெட்டு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, முந்நூற்றுப் பதினெட்டு. மாதக் கடைசியில் வங்கித் தாளைப் பார்க்கும்போது இன்றைக்கும் ஆத்திரம் பொங்குகிறது, யாரைத் திட்டுவது என்றுதான் தெரிவதில்லை. ஆட்சேபத்தை நான் அனுப்பவில்லை. "காரணம்" என்ற கட்டத்தில் எழுதுவதற்கு நல்ல காரணம் ஒன்றுதான் இருந்தது, அது ரோஸ்விட்டாவுடையது.